மாமா பூட்டுப் போட்ட சிடி

ஜூன் 12

என் அருமை வாலுக்கு மாமா எழுதுவது.

நான் சுகம், கடை சுகம். உன் அம்மாவின் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறதாம். விடுதிச் சாப்பாட்டில் நீ பாதியாகிவிட்டாய் என்று அக்கா புலம்புகிறாள். போன தடவை பார்த்தபோது முழுசாகத்தான் இருந்தாய், அதனால் நான் கவலைப்படவில்லை.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். கடையில் போனை எடுத்தால் போட்டோ எடுக்க வந்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மின்னஞ்சல் என்றால் நான் ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் நீ பட்டமே வாங்கிவிடுவாய். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். நேற்று ஒரு வாடிக்கையாளர் வந்தார். பள்ளிக்கூடம் ஒன்றுக்கு யாரோ பத்துப் பழைய கணினிகளைத் தானமாகக் கொடுத்திருக்கிறார்களாம். உள்ளே மென்பொருள் ஒன்றும் கிடையாது, வெறும் பெட்டி. கடைப் பலகையில் 'எல்லா சிடியும் கிடைக்கும்' என்று நான் எழுதி வைத்திருப்பதை நம்பி வந்திருக்கிறார். வழக்கம்போல மேஜைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது திருட்டுதானே?" என்றார். "இல்லீங்க, நகல்" என்றேன். "திருடாதது ஏதாவது இருக்கா?" என்றார். கடை வைத்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "வரவழைச்சுத் தரேன்" என்று சொல்லி வைத்தேன்.

கணினி படிக்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிகிறாயே, திருடாத சரக்கு எங்கே கிடைக்கும்? அவசரம் ஒன்றுமில்லை. ஆனாலும் சீக்கிரம் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா

பி.கு.: வந்தவர் வெயிலில் நடந்து வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். நம் கடையில் இதுவரை யார் டம்ளரைக் கழுவியிருக்கிறார்கள் சொல்.

ஜூன் 21

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு (மரியாதை போதுமா?),

நான் நலம். பாதியாகவில்லை, ஒன்றேகால் ஆகியிருக்கிறேன். அம்மாவை மாடி ஏறாமல் கீழேயே இருக்கச் சொல்லுங்கள்.

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். இங்கே விடுதி அறைகளை எல்லாம் ஒரே கம்பியில் இணைத்திருக்கிறார்கள். அவரவர் கணினியில் 'பொது' என்று ஒரு கோப்புறை. ஒருத்தி அறையில் படம், இன்னொருத்தி அறையில் பாட்டு, கடைசி அறையில் போன வருஷத்துக் கேள்வித்தாள். கட்டிலில் படுத்தபடியே எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் ஒரு பாட்டை எடுத்தால் அவளிடமும் பாட்டு இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அவள் சட்டையை எடுத்தால் அப்படியா? அப்புறம் இது எப்படித் திருட்டாகும் என்று சாப்பாட்டுக் கூடத்தில் முழங்கினேன். எங்கள் சீனியர் அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பாடினவங்க குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதையே யோசித்துக்கொண்டு இன்னொரு பாட்டை இறக்கினேன்.

அந்த அக்கா கொடுத்ததுதான் இத்துடன் வரும் சிடி. கட்டற்ற மென்பொருள் என்று பெயர். எழுதியவர்களே, 'எடுத்துக்கொள், உள்ளே எப்படி இருக்கிறது என்று பார், பிடித்தபடி மாற்று, ஊருக்கெல்லாம் கொடு' என்று சொல்லிவிட்டார்கள். இலவசம் என்பதுகூடப் பெரிய விஷயமில்லை மாமா. ஓசியில் கிடைத்தாலும் கைகால் கட்டிப் போட்ட மென்பொருள் எத்தனையோ உண்டு. இதில் கட்டே கிடையாது. தொடக்கத்தில் வரும் படத்தைக்கூட மாற்றலாம். அக்கா தன் நாயின் படத்தைப் போட்டிருக்கிறாள்.

ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. எழுதியவர்கள் பெயரை அழிக்கக் கூடாது. உங்களுக்குக் கிடைத்த சுதந்திரத்தை அடுத்தவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. இதைப் பற்றித் தனியாக இரண்டு பக்கம் எழுதி நடுவில் செருகியிருக்கிறேன். கட்டாயம் படியுங்கள்.

இதை நிறுவும் அவசரத்தில் என் அறைத்தோழியின் (கண்ணாடி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம்) கணினியில் இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை. அதனால் அறை அமைதியாக, படிக்க வசதியாக இருக்கிறது.

அன்புடன்
வால்

பி.கு.: டம்ளர் கழுவியவர் யார்?

ஜூலை 3

அருமை வாலுக்கு,

அக்காவும் நானும் சௌக்கியம். உன் சிடி வந்தது, வேலை செய்கிறது, நீ பிழைத்தாய்.

வாடிக்கையாளர் மறுபடி வந்தார். கடைக் கணினியில் போட்டுக் காட்டினேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். படம் வரைகிற மென்பொருளில் ஒரு பூனை வரைந்தார், அது பன்றி மாதிரி வந்தது. நான் சொல்லவில்லை. அவரே, "பன்னி நல்லா வந்திருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எதிர்க்கடைக்காரன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிற டீச்சராம். தலைமையாசிரியைக்கு இந்த இலவச விவகாரத்தில் நம்பிக்கையே இல்லையாம், இவர்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாராம். அவர் பேசினால் யாரும் சம்மதிப்பார்கள்.

நேற்றும் வந்தார். ஏதோ சந்தேகம் கேட்க வந்தார், என்ன சந்தேகம் என்பது மறந்துவிட்டது.

கடிதம் அருமை. நடுவில் இருந்த இரண்டு பக்கத்தை மட்டும் தாண்டிவிட்டேன், பாடப் புத்தகம் மாதிரி இருந்தது.

கண்ணாடியிடம் மன்னிப்புக் கேள்.

மாமா

ஜூலை 14

அன்பு மாமா,

நலம்தானே? நீங்கள் நலம்தான், கடிதத்திலேயே தெரிகிறது.

இங்கே ஒரு கலவரம். ஒரு புதுப் படத்தை விடுதியே ஒரே நேரத்தில் இறக்கப்போய் அலுவலகத்துக் கணினி படுத்துவிட்டது. வார்டன் வந்து அறைக் கம்பிகளை எல்லாம் பிடுங்கிவிட்டார். இப்போது எது வேண்டுமானாலும் சிடியில் பதிந்து, நடந்து போய், கதவைத் தட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு வருஷமாகப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டிருந்த அறைகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரம்தான் பார்த்தேன். கேள்வித்தாள் வைத்திருப்பவளுக்கு அத்தனை அழகாக விசிலடிக்கத் தெரியும். கோப்பு தானாக வந்துகொண்டிருந்தவரை இதெல்லாம் தெரியவே தெரியாது. பகிர்வது என்றால் என்ன என்று வார்டன்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

கண்ணாடி பேசிவிட்டாள். முதல் வார்த்தையே "முட்டாள்".

அது இருக்கட்டும். 'வாடிக்கையாளர், வாடிக்கையாளர்' என்று எழுதிக்கொண்டே வந்து மூன்றாம் வாரம் டீச்சர் என்கிறீர்களே, அவர் எப்படிப்பட்டவர்? அம்மாவிடம் சொல்லட்டுமா? சொன்னால் முழங்கால் வலியெல்லாம் பறந்துபோகும், தெரியுமில்லையா?

வால்

ஜூலை 25

வாலுக்கு,

எல்லாரும் நலம். அக்காவிடம் வாயைத் திறந்தால் வாலை ஒட்ட நறுக்கிவிடுவேன்.

முக்கியமான செய்தி. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் கணினி அறைத் திறப்பு. பத்துக் கணினியிலும் மென்பொருளை நான்தான் போட்டுத் தரப்போகிறேன். வெறுமனே போட்டால் நன்றாகவா இருக்கும்? நீ சொன்னபடி தொடக்கப் படத்தை மாற்றிவிட்டேன். ஏதேதோ பெயர்கள் நீளமாக ஓடிக்கொண்டிருந்தன, அசிங்கமாக இருந்தது, அதை எடுத்துவிட்டு என் படத்தைப் போட்டேன். கறுப்புக் கண்ணாடி மாட்டி, நாற்காலியில் சாய்ந்து எடுத்த படம். கீழே கடைப் பெயர்.

அப்புறம் பூட்டு. கல்யாண வீடியோ சிடியை எதிர்க்கடைக்காரன் நகல் எடுத்துவிடக் கூடாது என்று நான் ஒரு பூட்டு வைத்திருக்கிறேனே, நம் கடையிலிருந்து வெளியே போகிற எல்லா சிடிக்கும் அதைப் போடுவது வழக்கம். இதற்கும் போட்டுவிட்டேன். பத்திரமாக இருக்கட்டும்.

டீச்சருக்கு எதுவும் தெரியாது. "திறக்கிறப்பதான் நீங்க பார்க்கணும்" என்று சொல்லியிருக்கிறேன். மாதிரிக்கு ஒரு சிடி உனக்கும் அனுப்புகிறேன், பார்த்துவிட்டு எப்படி என்று எழுது.

மாமா

ஆகஸ்ட் 9

மாமா!

நலம் விசாரிக்க நேரமில்லை. சிடி வைத்த உறை என்றாலே வார்டனுக்குச் சந்தேகம், உங்கள் கடிதத்தைத் தன் மேஜையிலேயே வைத்துவிட்டு இன்றுதான் கொடுத்தார். அந்தப் படத்தை எடுங்கள். பூட்டை எடுங்கள். நீங்கள் தாண்டிய இரண்டு பக்கத்தில் இதைத்தான் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை போய்விட்டது என்று தெரிகிறது. கடைக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருக்கிறது. என்ன ஆயிற்று?

வால்

ஆகஸ்ட் 26

அன்பு மாமா,

நான் நலம். நீங்கள் எப்படி?

நேற்று அம்மா போனில், "உன் மாமன் கடைப் பலகையைக் கழட்டி உள்ளே வச்சுட்டான். கேட்டா தலைவலிங்கறான். ரெண்டு வாய் சாப்பிட்டு எழுந்துடறான்" என்றாள். நீங்கள் சாப்பாட்டில் கோபத்தைக் காட்டுகிற ஆள் இல்லையே. தேர்வு வந்துவிட்டது, ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தே மண்டையில் ஏறவில்லை. திட்ட மாட்டேன். ஒரு வரி எழுதுங்கள்.

வால்

செப்டம்பர் 7

அன்புள்ள வாலுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தேர்வை ஒழுங்காக எழுது.

நடந்ததைச் சொல்கிறேன். கணினி அறையில் பிள்ளைகள், ஆசிரியர்கள், பெற்றோர்கள், நடுவில் தலைமையாசிரியை. டீச்சர் பொத்தானை அழுத்தினார். பத்துத் திரையும் ஒன்றாக எரிந்தன. பத்திலும் நான். கறுப்புக் கண்ணாடியோடு. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். தலைமையாசிரியை, "யாரு இவரு? இதைக் கண்டுபிடிச்சவரா?" என்று கேட்டார். நான் கடைசி வரிசையில் நின்று வணக்கம் வேறு சொன்னேன்.

டீச்சர் சமாளித்துப் பேசினார். "இது யாரும் பூட்டி வைக்காத மென்பொருள். நீங்க ஆளுக்கொரு நகல் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். எப்படின்னு இப்ப காட்டறேன்" என்று நான் கொடுத்திருந்த சிடியைப் போட்டார். திரையில் பெரிதாக வந்தது: 'நகல் எடுக்காதே! மீறினால் சட்டம் பாயும்.' கீழே நம் கடைப் பெயர்.

யாரும் சிரிக்கவில்லை. "விளம்பரத்துக்கா இந்தப் பெட்டிங்களைத் தானமா வாங்கி வச்சோம்?" என்று தலைமையாசிரியை அறையைப் பூட்டச் சொல்லிவிட்டார். டீச்சர் என் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார். "திருட்டு சிடி விக்கிற கடைன்னு தெரிஞ்சுதான் வந்தேன். ஆனா எல்லாருக்கும்னு குடுத்ததையும் ஒருத்தர் திருட முடியும்னு உங்களைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்." அப்புறம் அவர் கடைப்பக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பக்கத்தையும் தேடி எடுத்துப் படித்தேன். நீ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். கடைப் பலகையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, கழற்றிவிட்டேன்.

முக்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன். யாரும் உட்காருவதில்லை.

மாமா

செப்டம்பர் 15

என் அன்பு மாமாவுக்கு,

நலமாக இருங்கள், முதலில் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த முக்காலிக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. கண்ணாடி பயந்துபோய் வாங்கிப் படித்தாள். அவளும் அதே வரிசையில் சிரித்து, அதே இடத்தில் அழுதாள்.

புது சிடி அனுப்புகிறேன், பூட்டு இல்லாதது. போய் நில்லுங்கள் மாமா. டீச்சருக்காக மட்டும் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைகளுக்குக் கணினி அறை பூட்டிக் கிடக்கிறது. துரத்தினால் மறுபடி போங்கள். பத்துக் கணினியையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடுங்கள். துடைப்பது சுலபம், கண்ணாடியைக் கேளுங்கள்.

உங்களைத் திட்டலாம் என்று பேனாவை எடுத்தவள், என் 'பொது' கோப்புறையைத் திறந்து பார்த்தேன். பாடினவர்கள் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நிறைய அழித்தேன். எல்லாவற்றையும் அழித்தேன் என்றால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள், அது உண்மையும் இல்லை.

ஒன்று கேட்கட்டுமா? அவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு வரி எழுத உங்களுக்கு ஏன் இத்தனை கஷ்டம்?

உங்கள் வால்

அக்டோபர் 20

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? தேர்வு நன்றாக எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன். நாம் பார்த்ததில்லை. உன் மாமா கடைக்குத் திருடாத சிடி கேட்டு வந்தவள் நான். நீ என்றே எழுதுகிறேன், மாணவிகளோடு பேசிப் பேசி அப்படியே வருகிறது. முகவரி உன் அம்மா கொடுத்தார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை உன் மாமா பள்ளி வாசலில் வந்து நின்றார். தலைமையாசிரியை உள்ளே விடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கு அடுத்த தடவை மழை, நனைந்துகொண்டே நின்றார். "காய்ச்சல் வந்து தொலைக்கப் போறாரு, உள்ள கூப்பிடுங்க" என்று தலைமையாசிரியையே சொல்லிவிட்டார். பத்துக் கணினியையும் துடைத்தார். மறுபடி அவரே போடுவார் என்று பார்த்தால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிள்ளைகளைப் போட வைத்தார். அழித்த பெயர்களெல்லாம் திரும்ப ஓடியபோது ஒரு பெண்ணை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள் ஆளுக்கொரு நகல் எடுத்துப் போனார்கள். எதிர்க்கடைக்கும் ஒன்றை இவரே கொண்டுபோய்க் கொடுத்தாராம். அந்த மனிதர் இதில் என்ன சூழ்ச்சி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம். மேஜைக்கு அடியில் இப்போது ஒன்றும் இல்லை, குனிந்து பார்த்தேன்.

என் கோபம் போய்விட்டது. ஆனால் வேறு தொல்லை. தினமும் மாலையில் பள்ளிக்கு வருகிறார். ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். கணினியின் வன்தட்டைப் பற்றிப் பேசுகிறார், போய்விடுகிறார். வன்தட்டைப் பற்றி இனி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பொறுத்துப் பார்த்தேன். நேற்று நானே, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். முகமெல்லாம் வேர்த்து, "எங்க வாலைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நீ என்று உன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

உனக்கு எழுதுகிறேன் என்றார். அவர் எழுதி முடிக்க எத்தனை நாளாகுமோ, அதனால் நானே எழுதுகிறேன். உண்மையைச் சொல். அவர் எப்படிப்பட்டவர்? அவருடைய மோசமான பக்கத்தைப் பத்துத் திரையில் பார்த்துவிட்டேன். மீதி உனக்குத்தான் தெரியும். அவருக்கு உன்னைத் தவிர வேறு யார் பேச்சும் ஏறாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுது, வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன்.

அன்புடன்
டீச்சர்

அக்டோபர் 27

அன்புள்ள டீச்சருக்கு,

நலம். உங்கள் கடிதத்தை விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். எழுந்து போக வெகுநேரம் ஆயிற்று.

அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டீர்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கடைக்கு அவர் முதன்முதலில் வாங்கிய கணினியை அவர் இல்லாத நேரத்தில் திருகாணி திருகாணியாகப் பிரித்துப் போட்டேன். வந்து பார்த்தார். அம்மா என் முதுகில் நாலு வைக்க ஓடி வந்தாள். மாமா அவளைத் தடுத்து நிறுத்தி என்னிடம், "திரும்ப மாட்டத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. வா, பார்ப்போம்" என்று தரையில் உட்கார்ந்தார். கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் மாட்டினோம். இரண்டு திருகாணி மிச்சமாகிவிட்டது, ஆனால் ஓடியது. நான் இன்று கணினி படிப்பது அதனால்தான். இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. ஒன்றைப் பகிர்ந்தால் அது குறையாது என்று விடுதி முழுக்கப் பிரசங்கம் செய்கிறவள் நான். மாமாவைப் பகிர வேண்டும் என்றதும் அந்தப் பிரசங்கமெல்லாம் மறந்துபோயிற்று. அவர் எனக்கு எழுதுவதை நிறுத்திவிடுவாரோ என்று பயம். அதற்காக அவர் ஒற்றை முக்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும் என்று விட முடியுமா? எனக்கு முழுச் சம்மதம். அம்மாவை நான் கேட்கவே வேண்டாம், முகவரி கொடுத்ததிலேயே தெரிகிறது.

இதை நான் தபாலில் போடவில்லை. நாளை காலை பஸ் ஏறி, நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பேன், கடையில், மாமா பக்கத்தில் நிற்கும்போது. என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்குச் சொல்ல மாட்டேன். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அவர் மேஜையை ஓயாமல் துடைத்துக்கொண்டிருப்பார். தலையை நிமிர்த்தி, "சரின்னு சொல்லிட்டா" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் அத்தை.

உங்கள்
வால்